பாட்டு, படக்கதை, நாவல்: சில அபிப்பிராயங்கள்



மார்க்கம் போதிப்பவர்கள் பாட்டையும் படக்கதையையும் நாவலையும் பற்றிப் பேச நேர்ந்தால், அப்பேச்சு பெரும்பாலும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. ‘கூடாது’ என்பதே அச்சொல். அதற்குரிய இடங்கள் உண்டு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தத் துறைமுகக் கரையில், கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கிடையே மாலை மதரஸாவில் ஓதிக்கொடுத்து வரும் நாம் ஒன்றைக் கண்டிருக்கிறோம். ‘கூடாது’ என்பதை மட்டும் கேட்ட பிள்ளை பாட்டுக் கேட்பதை நிறுத்துவதில்லை. நம்மிடம் கேள்வி கேட்பதை நிறுத்திவிடுகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் மதரஸாவை விட்டு நின்றுவிடும் பிள்ளைகளில் பலர், அதற்கு ஓராண்டு முன்பே கேள்வி கேட்பதை விட்டவர்கள்தாம்.

ஆகவே, ‘கூடும், கூடாது’ என்பதோடு ‘நன்று, நன்றன்று’ என்பதையும் சொல்லிப் பழகுவோம் என்று இதை எழுதுகிறோம். இது ஃபத்வா அன்று. ஃபத்வா வேண்டுவோர் முஃப்திமார்களை அணுகுவதே முறை. இஸ்லாமியக் கல்வியில் ஒரு பட்டயம் பெற்று, அலிஃப் பே தொடங்கி ஓதிக்கொடுப்பவரின் அபிப்பிராயங்கள் மட்டுமே இவை.

இதனை எழுதத் தூண்டியது ஒரு மாணவியின் கேள்வி. சென்ற ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், பாடம் முடிந்து எல்லோரும் சென்ற பின், பத்தாம் வகுப்புப் படிக்கும் அப்பிள்ளை தயங்கி நின்றாள். கையில் ஒரு நோட்டு. காசிமேட்டில் கருவாடு விற்ற தன் நன்னிம்மாவை வைத்து அதில் ஒரு கதை எழுதியிருக்கிறாள். நன்னிம்மா சொல்லாததையும் சொன்னதாக எழுதியிருக்கிறாள். அண்ணன் பார்த்துவிட்டு, இதெல்லாம் பொய், கிழித்துப் போடு என்றிருக்கிறார். “ஹஜ்ரத், நடக்காததை நடந்த மாதிரி எழுதுனா பொய் சொன்ன பாவம் வருமா? வரும்னா நானே கிழிச்சிடுறேன்” என்றாள்.

நாம் அவளுக்கு முதலில் சொன்னது ஹரீரியைப் பற்றி. பஸராவைச் சேர்ந்த அல்ஹரீரி (ரஹ்) ஹிஜ்ரி 516இல், அதாவது கி.பி. 1122இல் மறைந்தவர். அவருடைய ‘மகாமாத்’ என்னும் நூலை நம் நாட்டு அரபிக் கல்லூரிகள் பல நூற்றாண்டுகளாகப் பாடமாக வைத்திருக்கின்றன. ஐம்பது கதைகள். அவற்றின் நாயகன் அபூ ஸைத் என்னும் நாவன்மை மிக்க ஏமாற்றுக்காரன். முதற்கதையில் இடம்பெறும் ஊர்களில் ஒன்று ஸன்ஆ. அங்கே அவன் உருக்கமாக உபதேசம் செய்து மக்களை அழவைத்துக் காசு திரட்டுகிறான். பின்தொடர்ந்து சென்று பார்த்தால், பொரித்த ஆட்டுக்குட்டியோடும் மதுவோடும் அமர்ந்திருக்கிறான். இவை யாவும் ஹரீரியின் கற்பனை. இதைத்தான் தலைப்பாகை கட்டிய உஸ்தாதுமார்கள் சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லி நடத்தி வந்தார்கள். தம் முன்னுரையிலேயே ஹரீரி இந்த ஆட்சேபத்தை எதிர்கொண்டிருக்கிறார். விலங்குகள் பேசுவதாகச் சொல்லும் கதைகளை யாரும் பொய்யென்று தள்ளவில்லையே என்பது அவருடைய வாதத்தின் சாரம். கேட்பவரை நம்பவைத்து ஏமாற்றுவது பொய். கதை என்று சொல்லிவிட்டுக் கதை சொல்பவர் யாரையும் ஏமாற்றவில்லை.

அந்தப் பிள்ளையிடம் இன்னொன்றும் சொன்னோம். 1938ஆம் ஆண்டில், நாகூரில், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்ப்பதே அரிதாயிருந்த நாளில், சித்தி ஜுனைதா பேகம் என்னும் முஸ்லிம் பெண்மணி ‘காதலா கடமையா’ என்ற நாவலை எழுதி வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு அணிந்துரை தந்தார். சாமிநாதையரே பாராட்டியவரின் பெயர் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்பது நம் சமுதாயத்தின் மறதிக்கு ஒரு சான்று. அதற்கும் முன்னால், 1885இல், இலங்கை கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். தமிழில் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறி அப்போது ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகை நடத்தியவரும் அவரே. இன்று கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாக விளங்கும் பள்ளியைத் தொடங்கியவர்களுள் ஒருவரும் அவரே. சமுதாயத்துக்குப் பள்ளிக்கூடமும் பத்திரிகையும் போலவே நாவலும் வேண்டும் என்று அம்மனிதர் கருதியிருக்கிறார். நாவல் எப்படி என்று கேட்டால், உள்ளதைச் சொல்கிறோம்: நடை இறுக்கமானது, எதிர்பாராத் திருப்பங்கள் அளவுக்கு மிஞ்சியவை. வரலாற்றுக்காகப் படிக்கலாம், சுவைக்காகப் படிப்பது கடினம்.

சுவைக்காகவும் படிக்க வேண்டும், உள்ளம் குலுங்கவும் வேண்டும் என்றால், நாம் முதலில் எடுத்துக் கொடுப்பது தோப்பில் முஹம்மது மீரானின் நூல்களை. 1944இல் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர்; மலையாள வழியில் பயின்றவர்; திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வணிகம் செய்துகொண்டே எழுதியவர்; 2019 மே மாதம் மறைந்தார். அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988இல் நூலாக வந்தது. ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் அகமதுக்கண்ணு முதலாளி என்றொருவர். ஊரும் பள்ளிவாசலும் தம் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பவர். ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம் வருகிறது. ஆங்கிலம் படித்தால் காஃபிராகிவிடுவோம் என்ற அச்சமும் கூடவே வருகிறது. வெளியூரிலிருந்து ஒரு தங்ஙள் வந்திறங்கி, மக்களின் பக்தியைத் தம் வயிற்றுக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். முதலாளிக்கு அடங்க மறுத்து நிற்பவர் சுறாப்பீலி வியாபாரம் செய்யும் ஓர் ஏழை மட்டுமே. இதை வாசித்த நம் பெரியவர்கள் சிலர், மீரான் சமுதாயத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று மனம் வருந்தியதுண்டு. நமக்கு அந்த வருத்தம் புரிகிறது, உடன்பாடில்லை. அந்தத் தங்ஙளைப் படிக்கும்போது நமக்கு ஹரீரியின் அபூ ஸைதுதான் நினைவுக்கு வந்தான். எண்ணூற்றைம்பது ஆண்டுகளாகப் பாடமாக ஓதப்பட்ட அதே ஆள், தேங்காய்ப்பட்டணத்துக்குப் படகேறி வந்துவிட்டான். அரபியில் அவன் வந்தால் இலக்கியம், தமிழில் வந்தால் காட்டிக்கொடுப்பது என்றால் அது என்ன நியாயம்?

மேலும், மீரான் வெறுப்போடு எழுதியவர் அல்லர். அவருடைய ஊர் தொழுகை நேரத்தால் அளக்கப்படுகிற ஊர். உம்மாக்களின் பேச்சு, நேர்ச்சைச் சோறு, கடல் சீறும் இரவுகளில் எழும் திக்ரு, இவற்றை அவ்வளவு அருகிலிருந்து எழுதிய வேறொருவரைத் தமிழில் நாம் கண்டதில்லை. அவருடைய ‘துறைமுகம்’ நாவல் கொழும்புச் சந்தையை நம்பி மீனை அனுப்பி ஏமாந்துபோகும் கடற்கரை மக்களைச் சொல்கிறது. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்நாவலுக்கு உரை தேவைப்படாது. கடலுக்குப் போனவருக்கு ஒரு விலை, கரையில் நின்றவருக்கு ஒரு விலை. குமரிக் கடலோ வங்கக் கடலோ, கணக்கு ஒன்றுதான்.

இதற்கு நேரெதிராக, ‘இஸ்லாமிய நாவல்’ என்று முத்திரை குத்தி வரும் சில நூல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர்கள் வேண்டாம். கதாநாயகி முதல் அத்தியாயத்தில் வழிதவறியிருப்பாள். கடைசி அத்தியாயத்தில் ஒரு பயான் கேட்டுத் திருந்துவாள். இடையில் வரும் மனிதர்கள் யாருக்கும் பசியோ பொறாமையோ கடனோ மாமியாரோ கிடையாது. பயான் கேட்க வேண்டுமானால் ஜும்ஆவுக்குப் போகலாமே. அங்கே கட்டணமும் இல்லை.

சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வந்தது. அதிலுள்ள சில பக்கங்கள் நமக்குச் சங்கடத்தைத் தந்தன. பிள்ளைகளின் கையில் அதைக் கொடுக்கமாட்டோம். ஆனால், பெண்மக்களைப் பெற்ற தகப்பன்மார்கள் அதைப் படிக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். வயதுக்கு வந்த பெண்ணை வீட்டோடு நிறுத்திப் படிப்பை முறிக்கும் வழக்கத்துக்குள் உள்ளே இருப்பவளுக்கு என்ன நேர்கிறது என்பதை எந்தப் பயானும் நமக்கு இப்படிச் சொல்லவில்லை.

அந்த மாணவியின் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தோம். எழுத்துப்பிழைகள் ஏராளம். ஆனால் உப்புத் தொட்டியில் கைவிட்டு விட்டு நன்னிம்மாவின் விரல்கள் வெடித்திருந்ததையும், ஒளுச் செய்யும்போது தண்ணீர் பட்டு எரிந்ததையும், அந்த எரிச்சலை அவர் யாரிடமும் சொல்லாததையும் எழுதியிருந்தாள். பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, கிழிக்கக் கூடாது என்று ஓரத்தில் எழ்திக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். அண்ணனுக்குக் காட்ட அவளுக்கு ஒரு கையொப்பம் தேவைப்பட்டது.

படக்கதைக்கு வருவோம். உயிருள்ளவற்றை வரைவது குறித்து உலமாக்களிடையே உள்ள கருத்துகளை நாம் அறிவோம். சிறுவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கு அறிஞர்கள் பலர் விலக்கு அளித்திருக்கிறார்கள் என்பதையும் அறிவோம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் அபூதாவூதின் ஹதீஸ் நம் மனதுக்கு மிகவும் உகந்தது. ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுக்கு நடுவே துணியாலான இரு சிறகுகளோடு ஒரு குதிரை இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகிருந்ததை நீங்கள் கேட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி சொன்னார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். ஒரு பிள்ளையின் கற்பனைக்கு அல்லாஹ்வின் தூதர் தந்த பதில் அந்தச் சிரிப்பு.

நம் தலைமுறையினருக்குச் சிறகுள்ள குதிரை, இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் அவரை முதல் இதழாகக் கொண்டுவந்தது. மூலம் இங்கிலாந்துப் பத்திரிகையில் வந்த கதை. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடல் மறையும். இரும்புக் கை மட்டும் தெரியும். 1980களின் பிற்பகுதியில் திருவொற்றியூர்ப் பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த பிரதிகள் மலிவாகக் கிடைத்தன. எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வளர்ந்த பிள்ளைகளுக்கு, மாயாவி எப்போதாவது இங்கே வந்து கம்பியைத் தொடுவார் என்பதில் ஐயமே இருக்கவில்லை. அவ்வளவு பெரிய நிலையத்தின் நிழலில் இருந்துகொண்டு மின்வெட்டில் சிம்னி விளக்கு ஏற்றியவர்கள் நாம் என்பதால், மாயாவி வந்தாலும் இங்கே மறைய வழியில்லை என்று ஒரு நண்பர் சொல்வார். அந்த நிலையம் 2017இல் மூடப்பட்டுவிட்டது. மாயாவி இன்னும் மறுபதிப்பாக வந்துகொண்டிருக்கிறார். அவரால் நம் ஈமானுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. வாசிக்கும் பழக்கம் வந்தது. கிதாபின் தடிமனைக் கண்டு அஞ்சாத கண் அந்தப் பழைய பேப்பர் கடையில்தான் கிடைத்தது.

‘முஸ்லிம் காமிக்ஸ்’ வேண்டும் என்று விரும்பி உருவாக்கப்பட்டவையும் உண்டு. 2006இல் குவைத்தைச் சேர்ந்த உளவியல் மருத்துவர் நாயிஃப் அல்முதவ்வா ‘தி 99’ என்ற தொடரைத் தொடங்கினார். 1258இல் பக்தாதை மங்கோலியர் அழித்தபோது நூலகத்தின் அறிவெல்லாம் கற்களுக்குள் புகுந்து உலகெங்கும் சிதறியதாகவும், அக்கற்கள் கிடைத்த பிள்ளைகளுக்கு ஆற்றல் பிறப்பதாகவும் கதை. கரு மிக அழகானது. ஆனால் அல்லாஹ்வின் திருநாமங்களை ஒட்டி நாயகர்களுக்குப் பெயரிட்டதால் அரபு நாடுகளிலேயே கடும் எதிர்ப்பு எழுந்தது. நம் வீடுகளில் ஜப்பார் என்று கூப்பிட்டாலும் பள்ளிச் சான்றிதழில் அப்துல் ஜப்பார் என்றே இருக்கும். அடிமை என்னும் அந்த முற்சொல்லின் அடக்கம் நமக்கு வேண்டியிருக்கிறது. ஆகவே எதிர்த்தவர்களின் உணர்வை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ஆயினும் அத்தொடரின் பெருங்குறை வேறிடத்தில் இருக்கிறது. நாயகர்கள் நற்குணங்களின் பட்டியலாக நிற்கிறார்கள்; பிள்ளைகளாக நிற்கவில்லை. நம் மாணவர்கள் இரண்டு இதழ்களைப் புரட்டிவிட்டு வைத்துவிட்டார்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்த மற்றொரு நூல் நம்மை வியக்கவைத்தது. 2014இல் மார்வெல் நிறுவனம் தொடங்கிய ‘மிஸ் மார்வெல்’ தொடர். எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி ஜி. வில்லோ வில்சன். நாயகி கமலா கான், ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். 2022இல் தொடராகத் திரைக்கும் வந்ததால் பிள்ளைகளுக்கு அவளைத் தெரியும். அந்தப் பெண்ணின் உடையைப் பற்றிப் பலரும் பேசினார்கள். நாம் பார்த்தது அவளுடைய பள்ளிவாசல் இமாமை. இரவில் வீட்டுக்கு வராமல் சுற்றுகிறாள் என்று பெற்றோர் அவளை ஷைகு அப்துல்லாஹ்விடம் அனுப்புகிறார்கள். திட்டு விழும் என்று அவளும் எதிர்பார்க்கிறாள், வாசகரும் எதிர்பார்க்கிறார். அவரோ, நீ செய்வதை விடமாட்டாய் என்றால் துணிவோடும் நேர்மையோடும் இரக்கத்தோடும் செய், உனக்கொரு ஆசிரியரைத் தேடிக்கொள் என்கிறார். அமெரிக்கச் சித்திரப் புத்தகத்தில் ஓர் இமாம் வில்லனாகவோ கேலிப்பொருளாகவோ வராமல் நல்லாசிரியராக வருவதை நாம் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தை மதரஸாவில் நம்மோடு பணிபுரியும் ஆசிரியர்களுக்கும் காட்டினோம்.

இனிப் பாட்டு. இங்கேதான் சச்சரவு அதிகம். பெருநாளன்று ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமிகள் பாடிக்கொண்டிருந்ததையும், அபூபக்ர் (ரலி) அவர்கள் அதட்டியபோது நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்னதையும் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். தந்தி, குழல் வாத்தியங்களை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் தடுத்திருக்கிறார்கள். இப்னு ஹஸ்ம் (ரஹ்) மாறுபட்டார்; இமாம் கஸ்ஸாலி (ரஹ்) நிபந்தனைகளோடு நீண்டதோர் அத்தியாயம் எழுதினார். நாம் பெரும்பான்மையோடு நிற்பவர்கள். மதரஸா ஆண்டு விழாவில் தஃப் தவிர வேறொன்றையும் அனுமதிப்பதில்லை.

இவ்விஷயத்தில் யூசுஃப் இஸ்லாமின் வாழ்வை நினைத்துப் பார்க்கிறோம். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ் பெற்ற பாப் பாடகர், 1977இல் இஸ்லாத்தை ஏற்றார். கிதார்களை ஏலம் விட்டு அறத்துக்கு அளித்தார். லண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1995இல் நபியவர்களின் வாழ்வைச் சொல்லும் ஒலித்தொகுப்பை வெளியிட்டார். பின்னர் 2006இல் ‘அன் அதர் கப்’ என்ற ஆல்பத்தோடு கிதாரைத் திரும்பக் கையிலெடுத்தார். விட்டதற்குப் பாராட்டியவர்கள் எடுத்ததற்கு ஏசினார்கள். விட்டதற்கு ஏசியவர்கள் எடுத்ததற்குப் பாராட்டினார்கள். பள்ளியைப் பற்றி இரு தரப்பினரும் அதிகம் பேசவில்லை. ஆசிரியர் என்பதால் நமக்கு அது உறுத்துகிறது.

சாமி யூசுஃபின் ‘அல் முஅல்லிம்’ 2003இல் வந்தபோது நம் பிள்ளைகள் கேசட்டும் சிடியுமாக அலைந்தார்கள். மாஹிர் ஸெய்னின் ‘தேங்க் யூ அல்லாஹ்’ 2009இல் வந்தது. வாத்தியங்களோடு ஒரு வடிவம், தாளம் மட்டும் கொண்ட மற்றொரு வடிவம் என அதனை வெளியிட்டார்கள். இரண்டையும் மாணவர்களின் கைப்பேசியில் கேட்டதுண்டு. தாள வடிவமே மேல் என்பது நம் அபிப்பிராயம். குரலுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பொதுவாக இவ்வகை ஆல்பங்களில் நமக்கொரு குறை உண்டு. அல்லாஹ், ரசூல், உம்மத் என்ற சொற்களை நீக்கிவிட்டால் மீதி எந்த ஊர்ப் பாட்டும் ஆகிவிடும். பாடுபவரின் தெருவோ தாயோ கடையோ அதில் தென்படுவதில்லை.

நாகூர் ஈ.எம். ஹனீபாவிடம் அந்தக் குறை கிடையாது. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அப்பெருமகனாரின் குரல் திருமண வீட்டு ஒலிபெருக்கியில் ஒலித்தால் நான்கு தெரு தாண்டிக் கேட்கும். அவர் பாடல்களில் சிலவற்றின் கருத்தைக் குறித்து மார்க்க அறிஞர்களிடையே ஆட்சேபம் உண்டு, வாத்தியங்களும் உண்டு. நாம் அவரைப் பாடமாக வைப்பதில்லை. ஆனால் தமிழ் உச்சரிப்புக்கு அவரைப் போல் உஸ்தாது கிடையாது. ழகரத்தைக் கடித்துத் துப்பும் பிள்ளைகளிடம், ஹனீபாவைக் கேட்டுவிட்டு வா என்று சொல்வதுண்டு. இறைவனிடம் கையேந்தச் சொல்லும் அவருடைய பாடலை, காசிமேட்டு மீனவர்களான கிறிஸ்தவ, இந்துச் சகோதரர்களும் முணுமுணுப்பதை நாம் கேட்டிருக்கிறோம்.

இக்கரைக்குப் பாட்டு ஒன்றும் புதிதன்று. இராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு 1838இல் மறைந்தவர். தொண்டி அருகிலுள்ள குணங்குடியிலிருந்து வந்த அவரைத் தொண்டியார் என்று அழைத்ததால்தான் தண்டையார்ப்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பர். திருத்தணிகை சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். கானாப் பாடகர்கள் சிலர் தம் மரபை அவரிலிருந்து தொடங்குவதாகச் சொல்வதும் உண்டு. இறைவனைக் காதலியாக விளிக்கும் அவருடைய மனோன்மணிக் கண்ணியைப் பிள்ளைகள் தனியே படித்தால் குழம்புவார்கள். ஆசிரியர் துணை வேண்டும். பராபரக் கண்ணிக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. துஆ கேட்கத் தெரிந்த எவருக்கும் அது புரியும். கந்தூரி கூடுமா, கூடாதா என்ற சர்ச்சையில் இருதரப்பாரும் அம்மனிதரின் தமிழை மறந்துவிட்டார்கள்.

நிறைவாக, இஸ்லாமியப் பெயர் ஏதுமில்லாத ஒரு பாட்டு. 2017 ஜனவரியில் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று ஒரு பாடலைப் பாடி வெளியிட்டார். எழுதியவர் கபேர் வாசுகி. ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ என்பது அதன் பெயர். நம் தெருவில் வசைச்சொல்லாகிவிட்ட புறம்போக்கு என்பது, யாருக்கும் தனியுரிமையில்லாமல் எல்லோருக்கும் பொதுவான நிலம் என்னும் பழம்பொருளை அப்பாட்டு நினைவூட்டியது. பின்னணியில் நம் கொசஸ்தலை ஆறு, நம் அலையாத்திச் செடிகள், நம் சாம்பல். அதே மாத இறுதியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியால் அள்ளிக்கொண்டு நின்றவர்களில் நம் மஹல்லாவின் இளைஞர்களும் இருந்தார்கள்.

வாத்தியமும் ராகமும் இருப்பதால் மதரஸாவில் அப்பாட்டை ஒலிக்கவிடவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே கைப்பேசியில் பார்த்திருந்தார்கள். ஆகவே மறுநாள் பாடத்தை மாற்றி, தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் யாவரும் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூதில் வரும் ஹதீஸை எடுத்தோம். வழக்கமாக அந்த ஹதீஸுக்குப் பாலைவனத்துக் கிணற்றை உதாரணம் காட்டுவது வழக்கம். அன்று உதாரணம் சொல்ல நமக்கு வேலை இருக்கவில்லை. பிள்ளைகள் ஆற்றைச் சொன்னார்கள், இறால் பிடிக்கும் இடத்தைச் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் எழுந்து, “ஹஜ்ரத், நெருப்புல எல்லாருக்கும் பங்குன்னா கரண்ட்டும் அதுல வருமா? அப்ப சாம்பல் மட்டும் ஏன் நமக்கு?” என்று கேட்டான். ஹவுளில் ஒளுச் செய்துகொண்டிருந்த பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.